வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றுவது எப்படி? பழைய ஆயிலை என்ன செய்வது?

ஆயில் மாற்ற முக்கால் மணி நேரம் போதும். பழைய ஆயிலை வீட்டைவிட்டு அனுப்பத்தான் சென்னையில் பலருக்கு ஆறு மாதம் ஆகிறது. அதுவரை அது பால்கனி மூலையில், மூடி சரியாகப் பொருந்தாத கேனில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் யாராவது காலால் தட்டிவிடுவார்கள். அதனால் ஸ்பானரைத் தேடுவதற்கு முன்பே வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் போடுங்கள். "மூன்றரை லிட்டர் வேஸ்ட் ஆயில் கொண்டுவந்தால் உங்கள் டிரம்மில் ஊற்றிக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். சரி என்று ஒருவர் சொன்ன பிறகு வேலையை ஆரம்பிக்கலாம்.

வண்டி வாரண்டியில் இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கம்பெனி சர்வீஸிலேயே செய்யுங்கள். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக, நாளைக்கு இன்ஜின் கோளாறு வந்தால் வாதாட வேண்டியிருக்கும். வாரண்டி முடிந்த வண்டிக்குத்தான் இந்தக் குறிப்பு.

எப்போது மாற்றுவது

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் மேனுவலில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். அதே மேனுவலில் சில பக்கம் தள்ளி "கடினமான பயன்பாடு" என்று இன்னொரு அட்டவணை இருப்பதை யாரும் படிப்பதில்லை. நின்று நின்று போகும் டிராஃபிக், அதிக நேரம் ஐட்லிங், தூசி, ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம். மாலை ஆறரைக்கு ஓ.எம்.ஆரில் திரும்பிப் பாருங்கள், அந்தப் பட்டியல்தான் நகர்ந்துகொண்டிருக்கும். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஓடும் வண்டிக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் என்பது அதிகப்படி இல்லை. வார இறுதியில் மட்டும் பைபாஸில் ஓடும் வண்டி என்றால் மேனுவல் சொல்வதே போதும்.

நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கரி கலந்து கறுத்துவிடும். அது ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். கவலைப்பட வேண்டிய நிறம் வேறு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி போல் வந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். காபி நிறம் தெரிந்தால் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

எந்த ஆயில்

"நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும், 20டபிள்யூ-50 போடுங்க" என்று சொல்லும் மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பழைய அம்பாசடருக்கு அது சரி. இன்றைய இன்ஜினுக்குச் சரியில்லை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், ஆயில் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் தடிமனைக் குறிக்கிறது. வெளியே 25 டிகிரியோ 42 டிகிரியோ, சூடேறிய இன்ஜினுக்குள் ஆயிலின் வெப்பம் கிட்டத்தட்ட 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பார்த்துக்கொள்கின்றன. அக்னி நட்சத்திரத்தைக் கணக்கில் வைத்துத்தான் கம்பெனியும் மேனுவல் எழுதியிருக்கிறது.

0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் ஆயில் ஓடும் துவாரங்களும் பேரிங் இடைவெளிகளும் வால்வ் டைமிங் அமைப்பும் அந்த மெல்லிய ஆயிலுக்கே அளவெடுத்தவை. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில் இன்ஜின் தேயும். மேனுவலில் என்ன கிரேடோ அதையே வாங்குங்கள். கேனில் ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு போட்டிருந்தால் (2020இல் வந்த தரம்) அதற்கு முந்தைய எஸ்என் தரம் கேட்கும் பழைய பெட்ரோல் வண்டிக்கும் தாராளமாக ஊற்றலாம். கரி வடிகட்டி பொருத்திய பிஎஸ்6 டீசலுக்கு மட்டும் சாம்பல் குறைவான ஆயில்தான் வேண்டும். கேனில் ஏசிஇஏ சி2, சி3 என்று ஐரோப்பியத் தரக் குறியீடு இருக்கும், எது என்று மேனுவலில் பாருங்கள். தவறான ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கி மெல்ல அடைத்துவிடும். எரித்து அகற்றக் கரிக்கு வழி உண்டு, சாம்பலுக்குக் கிடையாது. பைக் ஆயிலைக் காரில் ஊற்றவே வேண்டாம்.

அளவும் மேனுவலில் இருக்கும். சின்ன கார்களுக்கு 3 லிட்டரை ஒட்டியும், 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் கார்களுக்கு 3 முதல் 3.7 லிட்டர் வரையும், பெரிய டீசல் எஸ்யூவிகளுக்கு 6, 7 லிட்டரும் பிடிக்கும். "ஃபில்டருடன்" என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

ஃபில்டரும் வாஷரும் வாங்க மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போதும். ஆர்.சி. புத்தகத்தின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு மாடலும் ஆண்டும் சொல்லுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபில்டர்களின் மரை வேறாக இருக்கலாம். புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் தேடுங்கள், ஃபில்டர் மட்டும் அங்கே வேண்டாம். பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சின்னத் தொகைதான், ஆனால் பழைய வாஷர் ஒருமுறை நசுங்கிவிட்டது, இரண்டாவது முறை அது அதே மாதிரி அடைக்காது.

வண்டியைத் தூக்குவது

இன்னோவா, பொலேரோ மாதிரி உயரமான வண்டியின் கீழ் அப்படியே படுத்து நுழைந்துவிடலாம். ஹேட்ச்பேக்கின் முன்பக்கத்தைத் தூக்கத்தான் வேண்டும். இரும்பு ராம்ப் மேல் ஏற்றுவது சுலபம். இல்லையென்றால் ஜாக்கியால் தூக்கி, மேனுவல் காட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே நுழையாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பே இல்லாமல் பொடியும். கழற்றிய சக்கரமோ ஸ்டெப்னியோ இருந்தால் கதவுக்குக் கீழே படுக்கப் போடுங்கள். எல்லாம் சரிந்தாலும் தலைக்கு இடம் மிஞ்சும். தரை சமமான சிமெண்ட்டாக இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள்.

தூக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு முழுதாக இறங்கும். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்த உடனே போல்ட்டைத் திறந்தால் முழங்கை வரை வெந்துவிடும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆயிலில் எரிந்த எரிபொருளின் மிச்சங்கள் கலந்திருக்கும், அது அடிக்கடி தோலில் படுவது நல்லதல்ல.

போல்ட்டைத் திறக்கும் நேரம்

மேலே பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியை முதலில் கழற்றி வையுங்கள். காற்று போக வழி இருந்தால் ஆயில் சீராக இறங்கும். கீழே பிளாஸ்டிக் கவர் இருந்தால் கிளிப்புகளைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டைத் தேடுங்கள். இங்கேதான் ஒரு பெரிய தப்பு நடக்கும். முன்சக்கர டிரைவ் கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கியர்பாக்ஸுக்கும் ஒரு டிரெயின் போல்ட் உண்டு. அதைத் திறந்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் பழைய ஆயில் மேல் புது ஆயில் மூன்று லிட்டர் ஊற்றி வண்டியை எடுத்தால் இரண்டுமே கெடும். ஆயில் ஃபில்டர் இருக்கும் பக்கத்தில், தகட்டாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டையான தொட்டியின் அடியில் இருப்பதுதான் இன்ஜின் போல்ட். வடிந்தது கறுப்பாக இல்லாமல் தேன் நிறத்திலோ சிவப்பாகவோ வந்தால் உடனே மூடுங்கள், அது கியர் ஆயில்.

மாருதி, ஹூண்டாய், ஹோண்டா வண்டிகள் பலவற்றில் இதற்கு 17 நம்பர் ஸ்பானர். ரிங் ஸ்பானரோ ஆறு முனை சாக்கெட்டோ போடுங்கள். ஓப்பன் ஸ்பானர் வழுக்கினால் தலையின் முனைகள் மழுங்கி, பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. ஆயில் பிடிக்கக் கட்டட வேலைக்கு மணல் அள்ளும் பாண்டு நல்லது, வாய் அகலம். தரையில் பழைய செய்தித்தாள் விரித்து அதன் மேல் வையுங்கள்.

போல்ட் இளகியதும் ஸ்பானரை எடுத்துவிட்டு விரலால் திருகுங்கள். திருகும்போதே போல்ட்டை உள்ளே அழுத்தியபடி இருங்கள். மரை முழுக்க விட்டுவிட்டது என்பது விரலுக்குத் தெரியும், அழுத்தத்தை எடுக்கும் வரை ஆயில் வராது. அப்போது மணிக்கட்டை ஆயில் பாயும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சட்டென்று இழுங்கள். ஆயில் நேராகக் கீழே விழாது. முதலில் ஓர் அடி தள்ளிப் பாயும், அளவு குறையக் குறைய உள்ளே வரும், கடைசியில் சொட்டும். அதற்கேற்பப் பாண்டை நகர்த்துங்கள். போல்ட் பாண்டுக்குள் விழுந்துவிட்டால் பதற வேண்டாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து நிமிடம் சொட்டவிடுங்கள்.

இடையில் போல்ட்டின் நுனியை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மாவு போல நுண்ணிய கருஞ்சாந்து இருப்பது சகஜம். நகத்தில் படும் அளவுக்கு மினுமினுக்கும் செதில் இருந்தால் பேரிங்கில் பிரச்சினை என்று அர்த்தம், வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

"டீசல் ஊற்றி ஃப்ளஷ் பண்ணிடலாமா?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊற்றிய டீசல் முழுக்க இறங்காது. தங்கியது புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர். முதல் நான்கைந்து சுற்று கையால் மட்டும். கையில் சுலபமாக ஏறவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். பல வண்டிகளில் தொட்டி அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் மோதினால் மரை போவது தொட்டியில்தான், தொட்டியின் விலையோ போல்ட்டைப்போல் பல மடங்கு. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மாருதி கே சீரிஸ் இன்ஜின்களுக்கு 35 நியூட்டன் மீட்டர், மற்றவற்றுக்கு மேனுவலைப் பாருங்கள். இல்லையென்றால் கைப்பிடி குட்டையான ஸ்பானரால் இறுக்குங்கள். வாஷர் நசுங்கி ஸ்பானர் கெட்டிப்படுவது கையில் தெரியும், அங்கே நிறுத்துங்கள். ஸ்பானரில் பைப் செருகி இறுக்குவது, காலால் மிதிப்பது எல்லாம் லாரிக்காரர் வேலை.

ஃபில்டர்

பழைய ஃபில்டர் கையால் வரவில்லை என்றால் அதைச் சுற்றி உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கம் இருக்கும்படி வைத்துப் பிடித்துத் திருகுங்கள். பாதி வண்டிகளில் இதுவே போதும், இல்லாவிட்டால் ஃபில்டர் ரெஞ்ச். ஸ்குரூ டிரைவரைக் குத்தித் திருகுவது கடைசி வழி, தகடு கிழிந்தால் பிடிக்க எதுவும் மிஞ்சாது. ஃபில்டரைக் கழற்றும்போதும் ஒரு டம்ளர் ஆயில் கொட்டும், பாண்டு கீழேயே இருக்கட்டும்.

கழற்றிய ஃபில்டரின் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் அழுத்தம் ஏறி மேல் ரப்பர் பிதுங்கும், ஆயில் பீய்ச்சியடிக்கும். வீட்டில் ஆயில் மாற்றுபவர்களின் இன்ஜின் பழுதாவதற்கு இந்த ஒரு விஷயம் போதும். உட்காரும் இடத்தைப் பனியன் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். புது ரப்பரில் புது ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்குங்கள். ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். உள்ளே காகிதச் சுருள் மட்டும் மாற்றும் வகை என்றால் கூடவே வரும் ஓ ரிங் எனும் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஊற்றுவது

மேனுவல் 3.1 லிட்டர் சொன்னால் முதலில் 2.7 ஊற்றி மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஓடும்போது கீழே குனிந்து போல்ட், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். வண்டியைத் தரைக்கு இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். முன்பக்கம் தூக்கிய நிலையில் பார்க்கும் அளவு தப்பாகத்தான் காட்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது, சீல்கள் வழியே கசியும். "கூட இருந்தா நல்லதுதானே" என்பது சாம்பாருக்குத்தான் பொருந்தும்.

ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள், காலையில் சொட்டு இருந்தால் தெரிந்துவிடும். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதிப் பானட்டுக்குள் ஒட்டுங்கள்.

பழைய ஆயில்

அடுக்குமாடியின் பார்க்கிங்கில் ஆயில் சிந்தினால் அது எங்கே போகும் என்று ஒரு நிமிடம் தரையின் சரிவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வளாகங்களில் பார்க்கிங் தண்ணீர் நேராக இறங்குவது அந்த உறிஞ்சு கிணற்றுக்குத்தான், அதிலிருந்து உங்கள் போர்வெல்லுக்கு. தெரு மழைநீர் வடிகாலில் ஊற்றினால் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கடல். அந்த வடிகாலுக்கு நடுவில் சுத்திகரிப்பு எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோது படகும் வலையும் கறுத்துப்போனதைச் சென்னையே பார்த்தது. சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். மரக்கடையில் கிடைக்கும் மரத்தூளைக் கொட்டி, ஊறவிட்டு, கூட்டி அள்ளித் தனிப் பையில் கட்டுங்கள்.

"சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கொடுங்க" என்று கட்டட மேஸ்திரி கேட்பார். "கரையானுக்கு ஊத்துவேன்" என்பார் வாட்ச்மேன். இரண்டும் பழைய பழக்கங்கள்தான், இரண்டிலும் ஆயில் கடைசியில் மண்ணுக்கும் வேலை செய்பவர் கைக்கும் போகிறது. பழைய ஆயிலில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகள்களும் எரிபொருள் கழிவும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் அது பட்டியலிடப்பட்ட பொருள். அடுப்பில் எரிப்பதும் இதே ரகம், துகள்கள் புகையாக வெளியே வரும்.

மாறாக, இதே ஆயிலைத் தண்ணீர் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் மறுபடி நல்ல அடிப்படை எண்ணெய் கிடைக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல், விற்ற ஆயிலில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போவதற்கு எண்ணெய் கம்பெனிகளே பொறுப்பு என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தச் சங்கிலியில் நம்மால் எட்டிப் பிடிக்கக்கூடிய கண்ணி பெரிய ஒர்க்‌ஷாப்பும் கம்பெனி சர்வீஸ் சென்டரும்தான். அவர்களிடம் டிரம் இருக்கும், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துப்போவார். யாரிடம் போகிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். அபார்ட்மென்ட்டில் பலர் சேர்ந்து செய்வதாக இருந்தால், கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி பெற்றவர்கள் யார் என்று விசாரித்து நேரடியாகவே பேசலாம்.

பாண்டில் இருப்பதைப் புனல் வைத்துப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, மூடியை இறுக்கி, "பழைய ஆயில்" என்று பெரிதாக எழுதுங்கள். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றவே கூடாது, வீட்டில் குழந்தை இருந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயில், கூலன்ட், பெட்ரோல் எதையும் இதோடு கலக்காதீர்கள். கொஞ்சம் கலந்தாலும் மறுசுழற்சிக்காரர் மொத்த டிரம்மையும் திருப்பிவிடலாம், அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பும் உங்களிடம் வாங்காது.

பழைய ஃபில்டரைத் தலைகீழாக ஒரு நாள் முழுக்க வடியவிடுங்கள். மேல்பக்கம் ஆணியால் ஒரு ஓட்டை போட்டால் உள்ளே நிற்கும் ஆயிலும் இறங்கும். வடிந்த ஃபில்டரை ஆயிலோடு ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுங்கள், கறைபட்ட துணியையும் மரத்தூளையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வீட்டுக் குப்பையில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

ஆயிலை ஒர்க்‌ஷாப் டிரம்மில் கவிழ்த்த பிறகு காலி கேன் கையில் மிஞ்சும். அப்படியே காயலான் கடையில் போடாதீர்கள். பெயர் பெற்ற கம்பெனியின் கேன், மூடியோடு நல்ல நிலையில் இருந்தால் அதற்கென்றே தனி விலை உண்டு. எதை ஊற்றி மறுபடி விற்கப் போகிறார்களோ. அடியில் கத்தியால் இரண்டு இடத்தில் கிழித்து, லேபிளில் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டுக் கொடுங்கள்.